திரும்பி வரும் தண்டவாளம்

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில், மின்னியல் – மின்னணுவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் இங்கே தரப்படுகிறது. – மலர்க் குழு)



நான் 2010-ல் இந்தக் கல்லூரியின் வாசலைத் தாண்டியவன். இப்போது ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்துக்கு அருகில் இருக்கிறேன். கார்களில் பொருத்தும் மின்னணுக் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. "உன் வேலையைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்று துறைத்தலைவர் சொன்னார். வேலையைப் பற்றிப் பேசினால் பாதி கம்பெனி ரகசியம். மீதிப் பாதியைச் சொன்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். அதனால் சார் அனுமதியோடு பொம்மை ரயிலைப் பற்றிப் பேசப்போகிறேன்.

சிரிக்காதீர்கள். அங்கே அது சின்னப்பிள்ளை விளையாட்டு இல்லை. நான் 2019-ல் ஒரு மாடல் ரயில் சங்கத்தில் சேர்ந்தேன். வாரம் ஒரு மாலை. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கி ஓட்டுகிறோம். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இதில் நான் பட்ட ஓர் அவமானத்தைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன். எலக்ட்ரிகல் எஞ்சினியர் என்ற பட்டத்தோடு பட்ட அவமானம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் துறை வராந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கையில் சிவப்புப் பெயின்ட் பிரஷ், இடது கையில் கறுப்புப் பெயின்ட் பிரஷ். இரண்டு பக்கச் சுவரிலும் பிரஷை வைத்துத் தேய்த்துக்கொண்டே நேராக நடக்கிறீர்கள். வலப்பக்கச் சுவர் சிவப்பு, இடப்பக்கச் சுவர் கறுப்பு. வராந்தா முடிந்ததும் வெளியே இருக்கும் வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதே வராந்தாவுக்குள் திரும்பி வருகிறீர்கள். பிரஷைக் கை மாற்றவே இல்லை. இப்போது என்ன ஆகும்? வலது கையில் இருக்கும் சிவப்பு, ஏற்கெனவே கறுப்பு அடித்த சுவரில் போய் விழும். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பாதை திரும்பி அதே பாதையில் சேர்ந்ததே காரணம்.

மாடல் ரயிலில் இரண்டு தண்டவாளங்களும் இரண்டு ஒயர்கள். ஒன்று சிவப்பு ஒயர், இன்னொன்று கறுப்பு ஒயர். சக்கரம் வழியாகத்தான் எஞ்சினுக்குக் கரன்ட் போகும். ஒரு பாதையை வளைத்து, பாயின்ட் போட்டு, வந்த பாதையிலேயே திருப்பி விட்டால், சிவப்புத் தண்டவாளமும் கறுப்புத் தண்டவாளமும் அந்தப் பாயின்ட்டில் நேருக்கு நேர் சேரும். அதாவது ஷார்ட். ரயில் எதுவும் ஓடாமலே ஷார்ட். இதை ரிவர்ஸ் லூப் என்பார்கள், ஜெர்மனில் கேர்ஷ்லைஃப. முக்கோணப் பாதை போட்டாலும் இதே கதை. எஞ்சினைச் சுற்றித் திருப்பும் டர்ன்டேபிளிலும் இதே கதை.

எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் கோப்பிங்கன் என்று ஓர் ஊர். மேர்க்லின் கம்பெனியின் ஊர். அவர்களின் எச்.ஓ. ரயிலில் இந்தத் தலைவலியே கிடையாது. இரண்டு தண்டவாளமும் ஒரே ஒயர். நடுவில் வரிசையாக இருக்கும் உலோகப் புள்ளிகள் இன்னொரு ஒயர். மரத்தைச் சுற்றி எத்தனை முறை வந்தாலும் நடு நடுவாகவே இருக்கும், ஓரம் ஓரமாகவே இருக்கும். நம் ஊர் மின்சார ரயிலும் அப்படித்தானே? மேலே கம்பி, கீழே தண்டவாளம். திரும்பி வந்தால் மேலே இருப்பது கீழே வராது. ஆனால் எங்கள் சங்கத்தில் இருப்பது இரண்டு தண்டவாள முறை. எனவே இந்தப் பிரச்சினையைத் தீர்த்தே ஆகவேண்டும்.

பழைய டி.சி. முறையில் எஞ்சினுக்குள் வெறும் நிலைக்காந்த மோட்டார்தான். எந்தத் தண்டவாளத்தில் பிளஸ் என்பதைப் பொறுத்து அது முன்னே போகும், பின்னே வரும். முதல் முறை மெஷின்ஸ் லேபில் ஆர்மேச்சர் முனைகளை மாற்றிக் கொடுத்து, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியதைப் பார்த்துக் கைதட்டினோமே, அதே விஷயம். அங்கே வளையத்துக்குள் ரயிலை நிறுத்தி, வெளியே இருக்கும் பாதையின் பிளஸ் மைனஸை ஸ்விட்ச் போட்டு மாற்றி, மறுபடியும் கிளப்ப வேண்டும்.

டிஜிட்டல் முறை வந்ததும் கதை மாறியது. இதை டி.சி.சி. என்கிறோம். ஜெர்மனியின் கீசன் நகரத்து லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் 1990-களின் முற்பாதியில் இதைத் தரநிலையாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் ஏறத்தாழ 15 வோல்ட் இருக்கும். அது நிலையாக நிற்காது, பிளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி வரும் சதுர அலை. ஒவ்வொரு அரை அலையும் 58 மைக்ரோ நொடி என்றால் அது 'ஒன்று'. 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ என்றால் அது 'பூஜ்யம்'. இந்த ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்ததுதான் "மூன்றாம் நம்பர் எஞ்சினே, முன்னே போ" என்ற கட்டளை. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் இதைப் படித்து மோட்டாரை ஓட்டும். கரன்ட் உள்ளே நுழையும் இடத்தில் நாலு டயோடு. நாம் இரண்டாம் ஆண்டில் செய்த அதே பிரிட்ஜ் ரெக்டிஃபையர்! அதனால் எந்தத் தண்டவாளம் பிளஸ், எது மைனஸ் என்பதைப் பற்றி எஞ்சினுக்குக் கவலையே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டவாளத்தின் இரண்டு ஒயரையும் பட்டென்று மாற்றிப் போட்டாலும், அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பின் வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். "அதுதான் ஏ.சி. மாதிரி ஆச்சே சார், பிளஸ் மைனஸ் ஏது, ஷார்ட் ஏன் ஆகணும்?" நல்ல கேள்வி. வீட்டிலும் ஏ.சி.தான். அதற்காக ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வைப்போமா? எந்த ஒரு கணத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரு தண்டவாளம் பிளஸ் என்றால் இன்னொன்று மைனஸ். சேர்ந்தால் வெடிதான்.

எனவே செய்ய வேண்டியது இதுதான். வளையத்தின் இரண்டு முனையிலும், இரண்டு தண்டவாளங்களையும் நேருக்கு நேராக வெட்டி, பிளாஸ்டிக் ஜாயினர் போட்டுப் பிரித்துவிட வேண்டும். ஆக மொத்தம் நாலு வெட்டு. உள்ளே இருப்பது இப்போது தனிப்பகுதி. அதற்கு நேரடியாக ஒயர் கொடுக்காமல், ஆட்டோ ரிவர்சர் என்ற சின்னப் பெட்டி வழியாகக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது? ரயில் வெட்டைத் தாண்டும்போது சக்கரம் இரண்டு பக்கத்தையும் ஒரு கணம் தொடும். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் ஒன்றும் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் ஷார்ட். கரன்ட் சட்டென்று ஏறும். பெட்டி அதைக் கவனித்து, சில மில்லி நொடிக்குள் தனிப்பகுதியின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டுவிடும். ஷார்ட் போய்விடும். நடுவில் ஒரு கட்டளை சிதைந்தால் டிகோடர் அதை ஒதுக்கிவிடும். அடுத்த கட்டளை பின்னாலேயே வரும். ரயில் உள்ளே போகும்போது நுழைவாயிலோடு ஒத்துப்போகும். வெளியே வரும்போது மறுபடியும் ஒரு ஷார்ட், மறுபடியும் ஒரு மாற்றம். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பெட்டி வேகமாகவும், மொத்தப் பாதைக்கும் கரன்ட் தரும் பூஸ்டர் சற்று நிதானமாகவும் இருக்க வேண்டும். பூஸ்டர் முந்திக்கொண்டு டிரிப் ஆனால் எல்லா ரயிலும் நின்றுவிடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்த கர்வத்தோடுதான் சங்கத்தின் புது வளையத்துக்கு நானே ஒயரிங் செய்தேன். மாதக்கணக்கில் சரக்கு ரயில்கள் அழகாகச் சுற்றி வந்தன. எல்லாரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

2022-ம் வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்கள். அங்கே அந்தச் சமயத்தில்தான் இப்படிப்பட்ட சங்கங்கள் கதவைத் திறந்து பொதுமக்களுக்கு ரயில் காட்டுவார்கள். எங்கள் கண்காட்சி ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு ஒத்திகை. பெட்டிக்குள் விளக்கு எரியும் எட்டுப் பெட்டி எக்ஸ்பிரஸ் ரயிலை முதல் முறையாக வளையத்துக்குள் விட்டோம். உள்ளே நுழைந்தது. சுற்றியது. எஞ்சின் வெளியே வரும் இடத்தில் 'டக்'. ஹால் முழுக்க எல்லா ரயிலும் நின்றது. மறுபடி ஓட்டினோம், போய்விட்டது. மறுபடி, நின்றது. ஒரு தடவை ஓடும், ஒரு தடவை நிற்கும். இந்த மாதிரிப் பழுதுதான் மனுஷனைப் பைத்தியமாக்கும்.

"ரிவர்சர் சரியில்லை" என்று சொன்னேன். அலமாரியில் இருந்த இன்னொன்றை மாட்டினோம். அதே 'டக்'. மணி ஒன்பதரை. காலையில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பூஸ்டரில் டிரிப் ஆகும் அளவை மாற்ற முடியும். அது 3 ஆம்பியரில் இருந்தது. நான் 5 ஆம்பியருக்கு ஏற்றினேன். டிரிப் ஆக எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கூட்டினேன். ரயில் இரண்டு மூன்று இடத்தில் திக்கித் திணறி வெளியே வந்துவிட்டது. "பார்த்தீர்களா!" என்றேன்.

நம் ஊரில் பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான கம்பியைச் சுற்றிவைப்பார்களே, அதே வேலையைத்தான் நான் செய்தேன். பட்டம் வாங்கியவன் செய்ததால் அதற்கு 'செட்டிங்' என்று பெயர்.

பத்து நிமிடம் இருக்கும். எங்கள் சங்கத்தில் ஒரு பெரியவர். ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டயர் ஆன அன்று கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த டீசல் எஞ்சின் ஒன்று அவரிடம் உண்டு. கண்காட்சிக்காகக் கொண்டுவந்து ஓட்டினார். அது வளையத்துக்கு வெளியே பாயின்ட்டில் தடம் புரண்டு, ஒரு சக்கரம் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே குறுக்காக மாட்டிக்கொண்டது. சுத்தமான ஷார்ட். பழைய 3 ஆம்பியர் இருந்திருந்தால் அந்த நொடியே கரன்ட் போயிருக்கும்.

போகவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் போட்டிருந்த மெல்லிய ஒயர், ஜாயினர், சக்கரம் தொடும் இடம் எல்லாம் சேர்ந்து சுமார் மூன்றரை ஓம். 15 வோல்ட்டை மூன்றரையால் வகுத்தால் 4.3 ஆம்பியர். 5-ஐத் தொடவே இல்லை. ஆகவே பூஸ்டர் சமர்த்தாகக் கரன்ட் கொடுத்துக்கொண்டே இருந்தது. மொத்தம் 60 வாட்டுக்கு மேல் சூடு. நம் லேபில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அந்தச் சூட்டில் ஒரு பங்கு சக்கரத்தில் இறங்கினாலே போதும். பிளாஸ்டிக் வாசனை வந்த பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அதற்குள் எஞ்சினின் ஒரு பக்க போகி ஃபிரேம் உருகி, சக்கரம் சாய்ந்து நின்றது.

யாரும் பேசவில்லை. பெரியவர் எஞ்சினைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெர்மனில் அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படி இருக்கும்: "தம்பி, சாயங்காலத்திலிருந்து அந்த ஷார்ட் உன்கிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நீ அதோட வாயை அடைச்சிட்டே."

அப்புறம் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். நிஜ ரயில்வேயில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் 1872-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தை வெட்டித் தனிப்பகுதியாக்கி, ஒரு முனையில் பேட்டரி, மறு முனையில் ரிலே. ரயில் உள்ளே வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் செய்யும். ரிலேக்குக் கரன்ட் போகாது, அது விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் சிவப்புதான். "என் சர்வீஸ் முழுக்க நான் ஷார்ட்டைப் படிச்சுத்தான் சம்பளம் வாங்கினேன்" என்றார்.

சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். மீட்டர் கேட்கவில்லை, ஆஸிலாஸ்கோப் கேட்கவில்லை. ரயிலை அளந்தார். பெட்டி ஒன்று 30 சென்டிமீட்டர், எட்டுப் பெட்டி, அதோடு எஞ்சின் 20 சென்டிமீட்டர். மொத்தம் 2 மீட்டர் 60. பிறகு வளையத்தில் நான் வெட்டிய இடத்திலிருந்து வெட்டிய இடம் வரை அளந்தார். 2 மீட்டர் 20. நாடாவை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

இங்கே இருக்கும் தம்பி தங்கைகளில் பலருக்கு இப்போதே புரிந்திருக்கும். தனிப்பகுதியைவிட ரயில் நீளம். எஞ்சின் வெளியேறும் வெட்டைத் தொடும்போது, கடைசிப் பெட்டி இன்னும் நுழையும் வெட்டில் நிற்கிறது. விளக்குக்காக அந்தப் பெட்டியின் சக்கரங்களும் கரன்ட் எடுக்கின்றன. நுழைவாயில் "சிவப்பு வலப்பக்கம்" என்கிறது. வெளிவாயில் "சிவப்பு இடப்பக்கம்" என்கிறது. ரிவர்சர் எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு முனையில் ஷார்ட். மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோகும். இரண்டு முனையிலும் சக்கரம் ஒரே கணத்தில் பட்டால் 'டக்'. கணம் தப்பினால் ஓடிவிடும். சரக்கு ரயில்கள் குட்டையாக இருந்ததால் மாதக்கணக்கில் இது வெளியே தெரியவே இல்லை. இரண்டு ரிவர்சரும் நல்ல ரிவர்சர்தான். இல்லாத விடையை நான் அவற்றிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் 2 மீட்டர் 20-ல் வெட்டினேன் தெரியுமா? அந்த இடம் மேஜை ஓரமாக இருந்தது. குனியாமல் சால்டர் வைக்கலாம். அவ்வளவுதான் காரணம்.

வளையம் மொத்தம் மூன்றரை மீட்டருக்கு மேல் இருந்தது. அன்றிரவே மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு பழைய வெட்டுகளைச் சேர்த்து சால்டர் வைத்து, பாயின்ட்டுக்குப் பக்கமாகப் புதிதாக நாலு வெட்டுப் போட்டோம். தனிப்பகுதி 3 மீட்டர் 20 ஆயிற்று. மெல்லிய ஒயரைக் கழற்றி 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தோம். பூஸ்டரை மறுபடி 3 ஆம்பியருக்கு இறக்கினேன். கடைசியாகப் பெரியவர் ஒரு யூரோ காசை எடுத்து, பாதையில் ஒவ்வோர் இடமாகத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்தார். வைத்த இடத்தில் எல்லாம் உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாத இடம் ஆபத்தான இடம். காசு வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை நான் முதல் நாளே செய்திருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும்.

சனிக்கிழமை எட்டுப் பெட்டி ரயில் நாள் முழுக்க ஓடியது. பிள்ளைகள் கைகாட்டினார்கள். ஆனால் பெரியவரின் எஞ்சினுக்கு ஸ்பேர் போகி கிடைக்க ஆறேழு மாதம் ஆயிற்று. அதுவரை அது கதவுக்குப் பக்கத்து அலமாரியில் சாய்ந்தபடியே நின்றது. ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் உள்ளே போவேன்.

இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நாலு வார்த்தை. முதலில் பாதையைக் காகிதத்தில் வரைந்து, இரண்டு தண்டவாளத்தையும் இரண்டு கலர் பென்சிலால் விடாமல் தொடருங்கள். கலர் மோதும் இடம் எங்கேயாவது இருந்தால் அங்கே ரிவர்ஸ் லூப் இருக்கிறது. தனிப்பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். அதன் இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் இரண்டு ரயில் தாண்டக் கூடாது. இரண்டு தனிப்பகுதிகளை ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு ரிவர்சரும் ஒன்றோடு ஒன்று சண்டை போடும். ரயில் ஓடுவதற்கு முன் காசு வைத்துப் பாருங்கள்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு யோசனை. ஓர் ஆர்டுயினோ பலகையும் ஒரு மோட்டார் ஷீல்டும் இருந்தால், டி.சி.சி.–இ.எக்ஸ். என்ற திறந்த மென்பொருளை ஏற்றி, கட்டளை அனுப்பும் நிலையத்தை நம் லேபிலேயே செய்துவிடலாம். ரிவர்சரையும் நீங்களே வடிவமைக்கலாம். கரன்ட்டை அளந்து, மில்லி நொடிக்குள் முடிவெடுத்து, ஒயரை மாற்றுவது நல்ல ப்ராஜெக்ட். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கும் கேள்விக்கெல்லாம் அதில் இடம் இருக்கிறது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கார் கருவிகளைச் சோதிக்கும் என் வேலையிலும், சோதனையில் கருவி தோற்றால் "லிமிட்டைக் கொஞ்சம் தளர்த்திவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். டெலிவரி தேதி நெருங்கும்போது நானே சொல்லத் துடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் அலமாரியில் சாய்ந்து நின்ற அந்த எஞ்சின் ஞாபகத்துக்கு வரும். லிமிட்டில் கை வைக்காமல், முதலில் நாடாவைத் தேடுவேன்.

நாளைக்கு நீங்களும் வேலைக்குப் போவீர்கள். பியூஸ் போகும். பியூஸ் போன இடத்தில் அவசரமும் இருக்கும், மேலதிகாரியின் குரலும் இருக்கும். அப்போது கம்பியைச் சுற்றுவதற்கு முன்னால், அது ஏன் போனது என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசியுங்கள். இந்தக் கல்லூரி லேபில் "படம் வரையாம ஒயரைத் தொடாதீங்க தம்பி" என்று எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் சொல்லுவார். அதைத்தான் நான் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு மறுபடி கற்றுக்கொண்டேன். அவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறார். அவருக்கு என் முதல் நன்றி.